சர்க்கரை கழுவும் ஐயா

காலை ஆறு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. ஐயா சர்க்கரை நோயைக் கழுவி விடுகிறாராம்! வருஷக்கணக்காகப் படித்த டாக்டர்களுக்கு வராத வித்தை ஒரு வாளித் தண்ணீருக்கு வந்துவிட்டது. நம்பாமல் இருக்க முடியுமா? சர்க்கரை பார்க்கும் மெஷினே சொல்கிறதே!

ஐயா இடக்கையை உயர்த்தி ஆசீர்வதித்தபடி, வலக்கையால் வெள்ளைப் பொடியை அள்ளிக் கொடுப்பார். அதை உள்ளங்கையில் தேய்த்தால் நோய் மேலே வருமாம். விரலில் குத்தி, ரத்தத்தைச் சோதனைப் பட்டையில் வைத்தால் மெஷின் நானூறு, ஐந்நூறு என்று அலறும். அப்புறம் ஐயாவின் வாளியில் கை கழுவிவிட்டுக் குத்தினால் நூற்றைம்பது! கூட்டம் தேம்பித் தேம்பி அழும். போகும்போது இன்சுலின் புட்டியை வாசல் டிரம்மில் வீசிவிட்டுப் போகும்.

வரிசையில் நின்ற தம்பியை விடாமல் அவனுக்குப் பின்னாலேயே நின்றாள் அவன் அக்கா. தம்பிக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து இன்சுலின்தான் உயிர். நிறுத்தினால் ஒரு வாரம் தாங்கமாட்டான். அவனோ புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாக நிற்கிறான், மடையன்!

"உன் கம்பெனிப் பட்டைதானேக்கா? பொய்யா சொல்லும்?"

அங்கேதான் சிக்கல். பட்டை செய்வதே அவள் வேலை. கரித்தூளைப் பசையோடு குழைத்து, பிளாஸ்டிக் தாளில் கோடாக அச்சடிப்பாள். அதன்மேல் ஒரு மருந்துப் பூச்சு. ரத்தத்துச் சர்க்கரை பட்டதும் அந்தக் கரிக்கோட்டில் துளி மின்சாரம் ஓடும், மெஷின் அதை எண்ணாகக் காட்டும். ஐயா வாங்கிய அதே லாட் பட்டைகளை எடுத்து மூன்று நாள் சோதித்தும் பார்த்துவிட்டாள். ஒரு குறையும் இல்லை.

முறை வந்ததும் ஐயா இருவருக்கும் பொடி கொடுத்தார். அவளும் தேய்த்தாள். கை பிசுபிசுத்தது. சட்டென்று விரலை நக்கினாள். தித்திப்பு! அடப்பாவி, குளுக்கோஸ்! பிஸ்கட் தின்ற கையோடு சோதனை மேஜைப் பக்கம் போனாலே அவளுடைய சூப்பர்வைசர் கத்துவார்.

"ஐயா, உங்களுக்குச் சர்க்கரை உண்டுங்களா?"

"எனக்கா? நோய் என் நிழலைக்கூடத் தொடாதும்மா."

"அப்போ உங்க விரல்ல ஒரு குத்து. எல்லாரும் பார்க்கட்டும்."

கூட்டம் கைதட்டியது. ஐயாவால் மறுக்க முடியவில்லை. வலக்கையில் ஐந்நூற்று இருபது. இடக்கையில் நூற்றுப்பத்து.

"ஒரே ஆளு, ஒரே ரத்தம். வலக்கைக்கு மட்டும் வியாதியா?"

ஐயாவுக்கு வியர்த்தது. "அது... மக்களோட நோயை நான் வலக்கையில வாங்கிக்கிறேன்!"

"ஆமாமா!" என்று தலையாட்டியது கூட்டம். தலை இருப்பதே ஆட்டத்தானே!

"சரி, வாங்கின நோயைக் கழுவிடலாம். உங்க வாளி வேண்டாம், இது எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி." தன் பாட்டிலைத் திறந்து அவர் வலக்கையை நன்றாகக் கழுவித் துடைத்தாள், மறுபடி குத்தினாள். நூற்றுப்பத்து.

"எங்க குழாய்க்கும் அருள் வந்துடுச்சுங்களா? கையில குளுக்கோஸைப் பூசிட்டுக் குத்தினா, பட்டை அதையும் சேர்த்துத்தான் சொல்லும்!"

ஐயா பின்வாசலைத் தேடினார். தம்பி புட்டியைச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்தான். மற்றவர்கள் டிரம்மைக் கவிழ்த்துத் தேடினார்கள்.

ஒருவர் மட்டும் அழமாட்டாக் குறையாகக் கேட்டார்: "அப்போ எங்க நோயை யார்தாம்மா கழுவுறது?"

"யாராலயும் முடியாதுங்க. மருந்தை விடாம போடுங்க. கூடவே கொஞ்சம் யோசிச்சும் பாருங்க. அதுக்கு ஊசி கிடையாது, வலிக்காது."