கம்ப்யூட்டருக்கு வேர்க்கிறது

“அந்த பக்கெட்ல கை வைக்காதே!” என்று ஜீவானந்தம் அலறியபோது ஜோதிலட்சுமி இரண்டாவது சொம்பு மொண்டுவிட்டிருந்தாள்.

“ஏங்க கத்தறீங்க? தண்ணி நல்லா வெதுவெதுன்னு இருக்கு. மீன் சட்டிப் பிசுக்கு ஒரே தேய்ல போயிடுச்சு.”

“அது கம்ப்யூட்டர் தண்ணி, ஜோதி.”

“லாரித் தண்ணி. காலைல குடத்தோட வரிசையில நின்னது நானு. உங்க கம்ப்யூட்டர் வந்து நின்னதா நான் பாக்கல.”

பெட்ரூம் மேசைக்கு அடியில் பக்கெட். பக்கெட்டுக்குள் மீன்தொட்டி மோட்டார். அதிலிருந்து ஒரு குழாய் மேலே ஏறி, பக்கவாட்டு மூடி கழற்றப்பட்டு வயிறு திறந்து கிடந்த கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, சிப்பின் தலைமேல் உட்கார்ந்திருந்த செப்புக் கட்டியைக் குளிப்பாட்டிவிட்டு, இன்னொரு குழாய் வழியே பக்கெட்டுக்கே திரும்பியது. இப்போது தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டதில் மோட்டார் காற்றைக் குடித்து விக்கிக்கொண்டிருந்தது. திரை நீலமாகி நின்றுபோயிற்று.

கம்பெனிக்காரன் இவ்வளவுதான் என்று குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் சிப்பை ஓட்டுவது ஜீவானந்தத்தின் லட்சியம். ஓடும். ஆனால் கொதிக்கும். கொதித்தால் நின்றுவிடும். ஆபீசில் அடுத்த நாற்காலி ஐசக், குரோம்பேட்டையில் தன் வீட்டு மெஷினைத் தண்ணீரால் குளிர வைத்து அப்படி அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டிக் காட்டியவன். எட்டிய வேகத்தை எண்ணாக எழுதித் தன் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தான். தினமும் காப்பிக்கு முன்னால் ஜீவானந்தம் அந்த எண்ணின் முகத்தில்தான் விழித்தான். அதைத் தாண்டாவிட்டால் மிச்ச ஆயுளுக்கும் ஐசக்கின் பக்கத்து நாற்காலிக்காரனாகவே இருக்க வேண்டியதுதான் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

“சரி, தண்ணி வேணாம். காத்துக்கு மாறிடறேன்” என்றான், பெரிய மனது பண்ணி.

மறுநாள் ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடையிலிருந்து இட்லிக் குண்டான் பருமனில் ஒரு செப்பு வஸ்து வந்தது. அதன் உச்சியில் ஒரு விசிறி. அதைப் போட்டதும் பக்கத்து விமானப்படைத் தளத்திலிருந்து ஏதோ தாழப் பறக்கிறது என்று எதிர்வீட்டில் மாடிக்கு வந்து பார்த்தார்கள். அதுவும் போதவில்லை. வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனையும் கம்ப்யூட்டரின் திறந்த வயிற்றுக்கு நேராக வைத்தான். கத்திரி வெயில். கூரை விசிறி வெந்நீர் கலக்குவதுபோல் சுற்றிக்கொண்டிருந்தது. ஜோதிலட்சுமி காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டாள்.

“கொஞ்சம் என் பக்கமும் சுத்தவிடுங்களேன்.”

“சுத்தவிட்டா அதுக்கு விட்டு விட்டுத்தான் காத்து வரும். டெம்பரேச்சர் ஏறிடும்.”

“எனக்கு ஏறினா?”

“நீ நின்னுபோயிட மாட்டே.”

ஜோதிலட்சுமியின் காலண்டர் அட்டை ஒரு நிமிஷம் அசையாமல் இருந்து, மறுபடி அசைந்தது.

கம்ப்யூட்டர் அன்றும் அரைமணியைத் தொடாமல் நின்றது. ஜீவானந்தம் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

“ஏங்க, ஐசக் வீட்ல தண்ணியாமே. அந்தச் சூடெல்லாம் கடைசியா எங்க போவும்?”

“ரூமுக்குத்தான்.”

“உங்க காத்துல?”

“அதுவும் ரூமுக்குத்தான்.”

“ரெண்டும் ரூமுக்குத்தான்னா அப்புறம் எதுக்கு இந்தச் சண்டை?”

கேள்வியில் பொருள் இருந்ததால் அவனுக்குச் சந்தோஷம். வாத்தியார் குரல் வந்துவிட்டது. “அப்படிக் கேளு. தண்ணியோ காத்தோ, ரூம் இருக்கிற சூட்டுக்குக் கீழ எதையும் இறக்க முடியாது. ரூமே நாப்பது டிகிரில இருந்தா…”

வாய் திறந்தபடி நின்றது. ஞானம் பிறக்கும்போது முகம் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

“ரூமைக் குளிர வைக்கணும்! ஜோதி, ஏசி வாங்கறோம்!”

“ஏசியா? வேணவே வேணாங்க. சளி பிடிக்கும்.”

“யார் சொன்னது?”

“நீங்கதான். போன கத்திரில நான் கேட்டப்போ.”

“அதெல்லாம் சும்மா.”

“கரண்ட் பில் கழுத்தை நெரிக்கும்னீங்க. நாமல்லாம் இயற்கைக் காத்துல வளர்ந்தவங்கன்னு எங்கப்பா முன்னாடி பிரசங்கமே பண்ணீங்க.”

தான் முன்பு சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் ஜீவானந்தம் தானே வெட்டிச் சாய்த்தான். அந்தப் பிரசங்கத்தை முறியடிக்கத்தான் அதிகப் பாடுபட வேண்டியிருந்தது. ஜோதிலட்சுமி அங்குலம் அங்குலமாக விட்டுக்கொடுத்தாள்.

“சரி, உங்க இஷ்டம். ஆனா சளி பிடிக்கப்போறது எனக்கு. ரிமோட் என்கிட்ட இருக்கட்டும்.”

ஒரு ரிமோட்தானே. ஒத்துக்கொண்டான்.

சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். கீழ்வீட்டுச் சம்பந்தம், தகப்பனாரின் நஞ்சையில் நாலு போர்ஷன் எழுப்பியவர். ஒரு ஆணி அடிக்கவே அவரிடம் மனு கொடுக்க வேண்டும். ஜீவானந்தம் விஞ்ஞானத்தை எளிய தமிழில் ஒத்திகை பார்த்துக்கொண்டு இறங்கினான்.

“சார், இந்த ரூம் டெம்பரேச்சர்னு ஒண்ணு…”

“இன்னா சார், ஏசிக்குத்தானே? உன் வூட்டம்மா பொங்கலுக்கே சொல்ட்டாங்களே. லைன் இஸ்து பாயிண்ட்டும் போட்டாச்சு. நீ பாக்கலியா?”

“எங்க?”

“பெட்ரூம்ல சார். உன் கம்ப்யூட்டருக்கு நேர் மேல கீது.”

மேலே வந்து பார்த்தான். இருந்தது. வெள்ளைப் பெட்டி, சிவப்பு ஸ்விட்ச். பொங்கலிலிருந்து அதன் கீழேதான் உட்கார்ந்திருக்கிறான். தலையைத் தூக்கவில்லை, அவ்வளவுதான். இதில் ஏதோ இருக்கிறது என்று ஒரு கணம் உறுத்தியது. ஐசக்கின் எண் நினைவுக்கு வந்ததும் உறுத்தல் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஏசி மாட்டினார்கள். மாட்டியவர்கள் போனதும் ஜீவானந்தம் கைகளைத் தேய்த்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

“போடு ஜோதி.”

ஜோதிலட்சுமி ரிமோட்டை முந்தானையில் துடைத்தாள். “ஏங்க, அதோட சூடெல்லாம் ரூமுக்குத்தானே வரும்னீங்க?”

“ஆமா.”

“அப்ப ஏசி ரூம்ல எதுக்குங்க அடுப்பு?”

“இல்ல ஜோதி, ஏசியே அதுக்காகத்தான்…”

“அது உள்ள இருந்தா நான் போட மாட்டேன். ஹால்ல வச்சுக்குங்க. டேபிள் ஃபேனை எடுத்துக்குங்க. இனிமே முழுசும் உங்களுக்கே.”

அவன் எடுத்துச் சொல்வதற்கு இருந்த விஞ்ஞானம் எல்லாம் அவள் பக்கம் போய்விட்டிருந்தது.

மானிட்டரைக் குழந்தைபோல் நெஞ்சோடு அணைத்து ஹாலுக்குக் கொண்டுபோனான். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே மெல்லிய உறுமல் கேட்டது. ஹாலில் மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வந்து அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தது. ஐசக்கின் எண்ணுக்கு ஒரு படி மேலே வேகத்தை வைத்துவிட்டு சோதனையைத் தொடங்கினான். சூடு விறுவிறுவென்று ஏறியது.

அப்போது கால் கட்டைவிரலில் ஏதோ சில்லென்றது. குனிந்து பார்த்தான். பெட்ரூம் கதவின் அடியிடுக்கு. அதிலிருந்து குளிர் ஒரு கோடாகத் தரையோடு ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

ஒயர்கள் அறுந்துவிடாமல், கம்ப்யூட்டர் பெட்டியை அங்குலம் அங்குலமாகத் தரையில் இறக்கினான். திறந்த வயிற்றை இடுக்கோடு ஒட்டவைத்து, தானும் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டான். திரையில் சூடு ஒரு டிகிரி இறங்கியது. இன்னொன்றும் இறங்கியது. எப்போதும் நின்றுபோகும் இடம் வந்தது, கடந்தது. இன்னும் சில நிமிஷம் ஓடினால் போதும். நாளைக்குக் காப்பிக்கு முன்னால் ஐசக் எந்த முகத்தோடு வருவான் என்று நினைத்துப் பார்த்து, கன்னத்தைத் தரையில் வைத்துச் சிரித்தான்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கொலுசுச் சத்தம் நிதானமாகக் கதவருகே வந்து நின்றது. இடுக்கு வழியே இரண்டு பாதங்கள் தெரிந்தன. பிறகு, உருளையாகச் சுருட்டிய ஒரு பழைய துண்டு உள்ளேயிருந்து வந்து, கதவிடுக்கை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அடைத்தது.