கறுப்புக் கஸ்டர்டு

இனிமேல் தன் பீரைத் தானே காய்ச்சிக்கொள்ளப் போவதாக ஆர்னால்டு ஹெப்வொர்த் எழுபத்தெட்டாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கிளப்பில் அறிவித்தார். உட்கார்ந்தபடி சொல்லவில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, எழுந்து நின்று அறிவித்தார். கிளப்பின் செப்டம்பர் தோட்டக் கண்காட்சியில், வெங்காய மேஜைக்குப் பக்கத்தில் நடக்கும் வீட்டு பீர்ப் போட்டியில், பரிசுக் கோப்பை தனக்குத்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் இருபத்திரண்டு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவர். கிளப்பில் ஒரே நாற்காலி, பிட்டர் என்கிற ஒரே கசப்பு பீர். கசந்தால்தான் பீர், மற்றதெல்லாம் பாத்திரம் கழுவிய தண்ணீர் என்பது அவர் கட்சி.

அதிலும் மில்க் ஸ்டவுட்டைக் கண்டால் அவர் வாய் சும்மா இருக்காது. பால் சர்க்கரை போட்டுக் காய்ச்சுகிற கறுப்பு இனிப்பு பீர் அது. கிளப் வாசலை ஒட்டிய சின்ன அறையில் வயதான மூன்று விதவைகள் சின்னக் கிளாஸில் அதை உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். சனிக்கிழமைகளில் ஆர்னால்டின் மனைவி மேவிஸும் அவர்களோடு சேர்ந்துகொள்வாள். "என்ன, கறுப்புக் கஸ்டர்டு இறங்குதா?" என்று கேட்காமல் அவர் அந்தக் கதவைத் தாண்டியதே இல்லை. அவர் கேட்பார், கிளப் சிரிக்கும். இருபத்திரண்டு வருஷமாக அதே கேள்வி, அதே சிரிப்பு.

நூலகத்தில் எடுத்துவந்த புத்தகத்தின் முதல் பக்கமே அவர் மனதைக் குளிரவைத்தது. காய்ச்சத் தொடங்குமுன் உங்களுக்கு எந்த வகை பீர் பிடிக்கிறதென்று கண்டுபிடியுங்கள், எல்லா வகையையும் குடித்துப் பாருங்கள் என்று அதில் போட்டிருந்தது. ஆர்னால்டு சொன்னதைச் செய்கிற மனிதர். ஐந்து வாரம், தினம் ஒரு மதுக்கடை, கையில் ஒரு நோட்டு. நோட்டில் மூன்றே விதமான குறிப்புகள் இருந்தன: நன்று, மிக நன்று, நினைவில்லை.

"ஆராய்ச்சி முடிஞ்சுதா?" என்றாள் மேவிஸ்.

"நடந்துகிட்டிருக்கு."

"அது நல்லாத்தான் நடக்குது. நீதான் நடக்க முடியாம வந்து சேர்ற."

"புத்தகத்துல போட்டிருக்கு மேவிஸ். நானா சொல்றேன்?"

"ரெண்டாவது பக்கத்தப் படிச்சியா?"

"அதுல என்ன?"

"கண்ணு பாத்தா நாக்கு பொய் சொல்லுமாம். கண்ணக் கட்டிக்கிட்டுக் குடிக்கணுமாம். ஞாயித்துக்கிழம சாப்பாட்டுக்கு அப்புறம் வெச்சுக்கலாம். பாட்டிலெல்லாம் நானே வாங்கி வெக்கிறேன்."

மனைவியே பீர் வாங்கி ஊற்றித் தருகிறேன் என்கிறாள். எந்த மடையன் மறுப்பான்? ஆர்னால்டு மறுக்கவில்லை.

ஞாயிறு மதியம் சமையலறை மேஜையில் ஆறு தேநீர்க் கோப்பைகள் வரிசையாக நின்றன. மேவிஸ் பாத்திரம் துடைக்கும் துண்டை அவர் கண்ணில் இறுக்கிக் கட்டினாள். முதல் கோப்பை பரவாயில்லை. இரண்டாவது சுமார். மூன்றாவதை வாயில் வைத்ததும் அவர் முகம் சுருங்கியது.

"இது என்ன, சாக்கடைத் தண்ணியா?"

"எழுதிக்கிறேன். அடுத்தது குடி."

ஐந்தாவது கோப்பையில் ஆர்னால்டு ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். கோப்பையைக் கவிழ்த்து அடியில் இருந்ததையும் உறிஞ்சினார்.

"இதான். இதான் மேவிஸ். இது ஆம்பள பீர். இதத்தான் காய்ச்சப் போறேன்."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"இன்னொரு தடவ ஊத்து."

இடம் மாற்றி மாற்றி மூன்று முறை ஊற்றினாள். மூன்று முறையும் அவர் நாக்கு அதையே பிடித்தது. துண்டை அவிழ்த்தார். சாக்கடைத் தண்ணீர் என்று அவர் சொன்ன கோப்பைக்குப் பின்னால் நின்றது, இருபத்திரண்டு வருஷமாக அவர் குடித்துவரும் பிட்டர் பாட்டில். ஆம்பள பீருக்குப் பின்னால் மில்க் ஸ்டவுட் நின்றது.

மேவிஸ் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவருக்குக் காதுமடல் வரை சூடேறியது. இத்தனை வருஷக் கேலியும் வரிசை கட்டித் திரும்பி வருவதுபோல் இருந்தது. கிளப்பில் தெரிந்தால் எந்த நாற்காலியில் போய் உட்காருவது? பஸ்ஸில் ஏறுகிறவனெல்லாம் கஸ்டர்டு கேட்பானே. வெட்கத்தில் அவர் அன்று தேநீர்கூடக் குடிக்கவில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாத."

"நான் எதுக்குச் சொல்றேன்."

இரண்டு நாள் யோசித்து ஒரு யோசனையோடு வந்தார். இரண்டு வாளி காய்ச்சுவது. ஒன்றில் பிட்டர்: அது அவர் பேரில் போட்டிக்கு. இன்னொன்றில் ஸ்டவுட்: அது மேவிஸ் பேரில். வீட்டில் ஏன் ஸ்டவுட் என்று எவனாவது கேட்டால், மனைவியின் சரக்கு என்று சொல்லிவிடலாம். குளிர்காலம் முழுக்கத் திரைச்சீலையை இழுத்துவிட்டு நிம்மதியாகக் குடிக்கலாம்.

"என் பேருன்னா என் பேருதான்" என்றாள் மேவிஸ். "அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

"சத்தியமா மாட்டேன்."

சுடுநீர்த் தொட்டி இருக்கும் துணி அலமாரியில் இரண்டு வாளிகளும் மூன்று வாரம் பொங்கின. படுக்கை விரிப்பு முதல் ஆர்னால்டின் உள்சட்டை வரை எல்லாவற்றிலும் ஈஸ்ட் வாடை. ஸ்டவுட் வாளியை அவர் பச்சைக் குழந்தையைப்போல் பார்த்துக்கொண்டார், கம்பளி போர்த்தினார். பிட்டர் வாளி கடனே என்று கிடந்தது. வகைக்கு நாற்பது பாட்டில் தேறியது. ஸ்டவுட்டில் ஒன்றைத் திறந்து பார்த்தார். குடித்துவிட்டுச் சமையலறையில் தனியாக நின்று கண் கலங்கினார்.

கண்காட்சி நாள் வந்தது. கட்சி மானத்துக்காகக் காய்ச்சிய பிட்டருக்குக் கடைசி இடம். நடுவர் அட்டையில், முட்டைக்கோஸ் பாத்தியில் ஊற்றினால் நத்தைகள் வந்து விழுந்து சாகும் என்று எழுதியிருந்தார். ஆர்னால்டு அந்த அட்டையை மடித்துப் பைக்குள் வைக்கும்போது மேடையில் செயலாளர் ஒலிபெருக்கியைத் தட்டினார்.

"முதல் பரிசு, மில்க் ஸ்டவுட். திருமதி மேவிஸ் ஹெப்வொர்த்."

தன் பேரிலான ஸ்டவுட்டில் ஒரு பாட்டிலை மேவிஸ் போட்டிக்குக் கொடுத்திருந்தாள். கைதட்டல் கூரையைத் தூக்கியது. சின்ன அறை விதவைகள் மூன்று பேரும் எழுந்தே நின்றுவிட்டார்கள். மேவிஸ் கோப்பையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அது நான் கம்பளி போர்த்தி வளர்த்தது என்று ஆர்னால்டின் வயிறு எரிந்தது.

"ஆர்னால்டு, கோப்பை உங்க வீட்டுக்குத்தாம்ப்பா" என்றார் செயலாளர். "சம்சாரத்தோட சரக்கு எப்படி? குடிச்சுப் பாத்தியா?"

கிளப் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. நான்தான் காய்ச்சினேன், எனக்கு அதுதான் பிடிக்கும் என்று இரண்டே வாக்கியம் சொன்னால் போதும். மேவிஸ் மேடையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லேன் என்பதுபோலத்தான் பார்த்தாள். ஆர்னால்டு வாயைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"நானா? அந்தக் கறுப்புக் கஸ்டர்டையா? ஆம்பள குடிக்கிற சாமானா அது?"

கிளப் சிரித்தது. இந்த முறை அந்தச் சிரிப்பு அவருக்கு இனிக்கவில்லை. இப்படியும் ஒரு கோழையா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு நின்றார்.

மேவிஸ் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"உண்மைதாங்க. அவருக்கு ஒரு சொட்டு இறங்காது. வீட்ல முப்பத்தெட்டு பாட்டில் சும்மா கெடக்கு. கட்வொர்த் அம்மா, உங்க மூணு பேருக்கும்தான் அது. நாளைக்கு இவரே தூக்கிட்டு வந்து குடுத்துடுவாரு."

மறுநாள் அவரே தூக்கிக்கொண்டு போனார். மூன்று வீடு, எட்டுத் தெரு, மேடு வேறு. பாட்டில்கள் கிணுகிணுவென்று முட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவர் நின்று அவற்றைப் பதமாக நகர்த்தி வைத்தார். கூடவே மேவிஸ் கைவீசி நடந்து வந்தாள். கடைசி வீட்டில் கட்வொர்த் அம்மாள் அப்போதே ஒரு பாட்டிலைத் திறந்து, சின்னக் கிளாஸில் ஊற்றி, உதட்டை நக்கிக்கொண்டாள். ஆர்னால்டின் கண் அந்தக் கிளாஸை விட்டு அசையவில்லை. கிழவி அதைக் கவனித்துவிட்டாள்.

"ஒரே ஒரு வாய் குடிச்சுப் பாக்குறியா, ஆர்னால்டு? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஆர்னால்டின் கை தானாக நீண்டது.

"வேணாம்மா" என்றாள் மேவிஸ். "அவருக்குன்னு வீட்ல முப்பத்தொம்பது பாட்டில் பிட்டர் இருக்கு."