பொருளடக்க பக்தர்

நான் நர்ஸ். வயதான ஒருத்தியின் கால் நகங்களை வெட்டும்போது கையும் கண்ணும் வேலையில் இருக்கும். காது சும்மா இருக்கும். அப்படிச் சும்மா இருந்த காதால் நான் கண்டுபிடித்த ஒரு மனித இனத்தை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். பெயர், பொருளடக்க பக்தர்.

அடையாளம் காண்பது எளிது. அவர் கையில் ஒரு வேதப் புத்தகத்தை, அதாவது பைபிளை, கொடுங்கள். நீங்களும் நானும் என்றால் நடுவில் எங்காவது திறப்போம். இவரோ முதல் பக்கங்களைப் புரட்டி, பொருளடக்கத்தில் விரலை வைத்து, அதிலுள்ள நூல்களை லாரியிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவதுபோல மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டே போவார். எழுபத்து மூன்று வந்தால் கத்தோலிக்கருக்கு முகம் மலரும், அவர்களிடமிருந்து பிரிந்துபோன சபைக்காரருக்குச் சுருங்கும். அறுபத்தாறு வந்தால் தலைகீழ். எண்ணி முடித்ததும் மூடிவிடுவார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது? அது அவர் துறை அல்ல.

தகராறு ஏழு நூல்களைப் பற்றியது. எல்லாம் அந்தக் காலத்து யூதர்கள் எழுதியவை. இணைத் திருமுறை என்பார்கள் கத்தோலிக்கர்கள். தள்ளுபடி ஆகமம் என்பார்கள் சபைக்காரர்கள். எங்கள் சலாமா ஊரில் யூதர் ஒருவர்கூட இல்லை. இருந்திருந்தால், அவருடைய புத்தகங்களைப் பற்றி இரண்டு தரப்பும் அவருக்கே வகுப்பு எடுத்திருக்கும்.

பஸ்ஸில் இடம் பிடிக்கும்போதும், சந்தையில் அவகாடோவை அமுக்கிப் பார்க்கும்போதும், சாவு வீட்டில் இனிப்பு ரொட்டியைக் காப்பியில் நனைத்து வாயருகே கொண்டுபோகும்போதும்கூட இவர்களில் ஒருவர், "ஏழு புஸ்தகத்தக் கிழிச்சுப் போட்டது யாரு?" என்று ஆரம்பிப்பார். "ஏழு புஸ்தகத்த உள்ள செருகினது யாரு?" என்று எதிரே இருப்பவர் கேட்பார். ரொட்டி காப்பிக்குள் விழும். செத்தவரைப் பற்றி அதன்பிறகு பேச்சே இருக்காது.

இந்த இனத்தில் இரண்டு பேரை ஒரே தாய் பெற்றால் என்ன ஆகும்? நான் நகம் வெட்டிவிடும் எர்மிந்தாவைக் கேளுங்கள். மகள் ஒதிலியா கல்யாணத்துக்குப் பிறகு சபையில் சேர்ந்து ஞாயிறு பள்ளி நடத்துகிறாள். மகன் சிப்ரியானோ கோயிலில் மறைக்கல்வி நடத்துகிறான். தாயின் வாசல் கதவில், 'இது கத்தோலிக்க வீடு, பிற பிரசாரத்துக்கு அனுமதி இல்லை' என்ற ஸ்டிக்கரை ஒட்டியவனும் அவன்தான். ஒதிலியா ரோஷக்காரி. அன்றிலிருந்து கொல்லைப்புறமாகச் சமையலறை வழியே வருகிறாள். தாய்க்குக் காரணம் தெரியாது. இரண்டு கண்ணிலும் புரை. கதவு இருப்பதே தடவினால்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் கண் அறுவை முகாம் நடந்தது. அன்று கடைசி நாள். மாலைக்குள் போகாவிட்டால், அடுத்த முகாம் வரும்வரை அவளுக்கு ஆயுள் இருக்குமா என்று நான் சொல்ல மாட்டேன். போக மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். காரணம், அன்று காலை சிப்ரியானோ தைரியம் சொல்வதற்காக, அந்த ஏழு நூல்களில் ஒன்றிலிருந்து தோபித்து என்ற குருடரின் கதையைப் படித்துக் காட்டியதுதான். குருவி எச்சம் விழுந்து அவருக்குக் கண் போகிறது. வைத்தியர்களிடம் போகிறார். அவர்கள் மருந்து போடப் போட இன்னும் குருடாகிறார். சரியாக இந்த இடத்தில் ஒதிலியா கொல்லைப்புறமாக நுழைந்தாள்.

"நிறுத்து தம்பி. அது வேதமே இல்ல."

"ஆயிரத்து ஐந்நூத்து நாப்பத்தாறுலயே பிஷப்புங்க கூடி, திரெந்துப் பொதுச்சங்கத்துல முடிவு பண்ணியாச்சு அக்கா."

"அவ்வளவு நாள் கழிச்சா? அதுவரைக்கும் தூங்கினாங்களா?"

கதை அங்கேயே நின்றது. மதியம் வரை நின்றது. நான் வலது காலை முடித்துவிட்டு இடது காலுக்கு வந்தபோதும் நின்றுகொண்டிருந்தது.

"நீங்க எப்படியோ போங்க. அந்த மனுஷனுக்குக் கண்ணு வந்துச்சா இல்லையா?" என்றாள் எர்மிந்தா. "டாக்டருங்க கெடுத்துட்டாங்கன்னுதான போட்டிருக்கு. அப்புறம் நான் எப்படிப் போவேன்?"

எனக்கும் தெரியாது. "வந்துடுச்சு" என்றேன். தொழில் பழக்கம்.

"நீங்க எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்வீங்க நர்ஸம்மா. எங்க வீட்டுக்காரர்கிட்டயும் எந்திரிச்சுடுவீங்கன்னு சொன்னீங்க. மறுநாள் பொதைச்சோம்."

புத்தகத்தை வாங்கி நானே படித்திருக்கலாமே என்கிறீர்களா? சிப்ரியானோ அதை மார்போடு அணைத்திருந்தான். ஒதிலியா ஒரு மூலையைப் பிடித்திருந்தாள்.

"டேய், நீதான அதுக்காகச் சண்ட போடுற. நீ சொல்லு. கண்ணு வந்துச்சா?"

சிப்ரியானோ தொண்டையைச் செருமினான். "மொத்தம் பதினாலு அதிகாரம்மா."

"அதுல எதுல வருது?"

"திரெந்துல என்ன சொன்னாங்கன்னா..."

ஒதிலியா சிரித்தாள். "பார்த்தீங்களா நர்ஸம்மா, இவன் படிச்சதே இல்ல. நான் படிச்சிருக்கேன், தப்புக் கண்டுபிடிக்கறதுக்காகவே ரெண்டு தடவ. கேளும்மா, இது வேதமா இருக்க முடியுமான்னு நீயே சொல்லு. பையன் வெளியூர் போறான், கூடவே நாய் போகுது. தேவதூதன் பொய்ப் பேரு சொல்லிக்கிட்டு வழித்துணைக்கு வர்றான். ஆத்துல ஒரு மீன் பையனோட காலக் கவ்வ வருது. அத அறுத்துப் பித்தத்த எடுத்துட்டு வந்து அப்பன் கண்ணுல தடவுறான். வெள்ளையா உரிஞ்சு வருதாம். மீன் பித்தத்துல."

"உரிஞ்சு வந்துச்சா?"

"வந்துச்சு. ஆனா..."

"பார்த்தானா?"

"பார்த்தான், மகனக் கட்டிக்கிட்டு அழுதான். நான் சொல்ல வந்தது..."

"நர்ஸம்மா, என் செருப்பு எங்க?"

முகாமில் எர்மிந்தா டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி, "என்ன மீன் போடுவீங்க?" அவர் என்னைத் தனியே அழைத்து, ஏதாவது மயக்க மருந்து கொடுத்துக் கூட்டிவந்தீர்களா என்று விசாரித்தார். வெளியே பெஞ்சில் சிப்ரியானோ அக்கா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"அக்கா, அந்த நாய் என்ன ஆச்சு?"

"உன் புஸ்தகம்தான, நீயே படி."

'இந்த இனத்தில் நான் இல்லை' என்று நீங்கள் தலையாட்டுகிறீர்கள். நல்லது. முதல் பத்தியிலிருந்து, 'இந்த நர்ஸம்மா எந்தப் பக்கம், எழுபத்து மூன்றா, அறுபத்தாறா' என்று விரல் வைத்துத் தேடிக்கொண்டு வந்தீர்களே, கிடைத்ததா?

மறுநாள் காலை ஒரு கண்ணின் கட்டைப் பிரித்தேன். எர்மிந்தா முதலில் என்னைப் பார்த்து, "இவ்வளவு கிழவியா நீங்க?" என்றாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்க்க வாசலுக்கு வந்தாள். கதவைப் பார்த்தாள். ஸ்டிக்கரை எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தாள்.

"இதனாலதான் இவ கொல்லப்பக்கமா வந்தாளா? அடுப்பு மேல ஆசையின்னுல்ல நெனச்சேன்."

சிப்ரியானோ சமையல் கத்தியை எடுத்துவந்து சுரண்டினான். ஒதிலியா தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல பசை, மூலையில் ஒரு துண்டு வர மறுத்தது. அதற்கு என் நகவெட்டியைக் கொடுத்தேன். வந்தது. நகவெட்டியைக் கொதிநீரில் கழுவி, முந்தின நாள் பாதியில் விட்ட இடது காலை முடித்தேன்.