தலைக்கு மேலே நோன்புக் கஞ்சி

இந்தப் பெருநாளுக்கு மச்சான் வீட்டு வாசலை மிதிப்பதே இல்லை என்று முத்தியால்பேட்டை மொய்னுதீன் முடிவு கட்டிவிட்டார். பிரான்சிலிருந்து லீவில் வந்திருக்கும் மச்சான், பிரியாணிக்கு முன்னால் செல்போனில் ஈபிள் கோபுரத்தை நாலு பக்கமும் காட்டுவார். சாப்பிட்ட பிறகு உச்சியைக் காட்டுவார்.

மனைவி மஹ்பூபா விடுகிற ஆளா? அதனால்தான் பந்தயம் வந்தது. மொய்னுதீன் இயற்பியல் வாத்தியார். பள்ளிவாசலிலிருந்து தினமும் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வாங்கி வருவதும் அவர்தான். பாதியைச் சட்டையில் வாங்கி வருகிறார் என்று அவள் சொல்லிவிட்டாள்.

"சட்டையிலயா? மூடியே இல்லாம தூக்கைத் தலைக்கு மேல சுத்திக் காட்டறேன். ஒரு சொட்டு சிந்தினா உங்கண்ணன் வீட்டுக்கு வர்றேன். சிந்தலைன்னா பெருநாள் நம்ம வீட்டுலதான்!"

மறுநாள் சாயங்காலம் கஞ்சியோடு வந்தவர் நேரே மொட்டைமாடிக்கு ஏறினார். பின்னாலேயே மஹ்பூபா.

"நல்லாப் பாரு. ஒரே வேகத்துல சுத்தினாலும் திசை மாறிக்கிட்டே இருக்கும். அதுக்கு ஒரு விசை மையத்தைப் பாத்து இழுத்துக்கிட்டே இருக்கணும்."

"மையம் எது?"

"நான்தான்."

"அப்ப கஞ்சி மொத்தமும் உங்க மேலதான்னு சொல்லுங்க."

தூக்கு சுற்றியது. மேலே போய்க் கவிழ்ந்தது, கீழே வந்தது. ஒரு பருக்கை விழவில்லை. மொய்னுதீன் முகத்தில் பிறை தெரிந்தது.

"எப்படி?"

"பிரமாதங்க. ஆமா, எப்படி நிறுத்துவீங்க?"

அதை அவர் யோசிக்கவே இல்லை. வேகம் குறைந்தால் உச்சியில் கவிழ்ந்து தலையில் கஞ்சி. குறையாவிட்டால் தோள்பட்டை கழன்றுவிடும். நோன்பு வயிறு வேறு.

"மஹ்பூபா, கை வலிக்குது!"

"விட்டுடுங்களேன்."

"விட்டா நேர்கோட்டுல போயி பக்கத்து வீட்டு சுமலதா காயப்போட்ட வத்தல்ல விழும்!"

"அண்ணன் வீட்டுக்கு வர்றீங்களா?"

"பந்தயத்துல நான்தானே ஜெயிச்சிருக்கேன்!"

"அப்ப சுத்துங்க. நான் போயி பேரீச்சம்பழம் எடுத்து வெக்கறேன்."

"ஏய், நில்லு! வர்றேன்!"

"போட்டோ பாப்பீங்களா?"

"பாக்கறேன்!"

"வீடியோ?"

"அதையும் பாத்துத் தொலைக்கறேன்!"

"தூக்கு கீழ வர்றப்ப அதோடவே முன்னால ரெண்டு அடி நடங்க. தானா நின்னுடும்."

நடந்தார். நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"இது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மூச்சிரைக்க.

"காலைல நீங்க ஸ்கூலுக்குப் போனதும் தண்ணி ஊத்தி சுத்திப் பாத்தேன். மொதல்ல தலையோட நனைஞ்சேன், அப்புறம் நிறுத்தக் கத்துக்கிட்டேன், உடனே அண்ணனுக்குப் போன் போட்டு நீங்க வர்றதாச் சொல்லிட்டேன்."