கோடைப்புலி வீடு தாண்டிய ஞாயிறு

இந்த முறை முடித்தே தீருவது என்று நசுருதீன் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சபதம் எடுத்தார். சனிக்கிழமை காலை அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு.

கொடைக்கானல் பஜாரில் தைலமும் சாக்லேட்டும் விற்கிறவர் நசுருதீன். இது ஊருக்குத் தெரியும். அவர் கம்ப்யூட்டர் கேம் செய்கிறவர் என்பது யாருக்கும் தெரியாது. இணையத்தில் 'ஞாயிற்றுப் பட்டறை' என்று ஒரு குழு. பல் டாக்டர், பஸ் கண்டக்டர், கணக்கு வாத்தியார் என்று நாற்பது பேர். பிழைப்புக்கு ஒரு வேலை, ஆசைக்கு இந்த வேலை. அங்கே யாரும் சொந்தப் பெயர் சொல்வதில்லை. நசுருதீனின் பெயர் கோடைப்புலி. "புலி அண்ணே, இத ஒரு கண்ணு பாருங்க" என்று யாராவது எழுதிவிட்டால் அன்று முழுக்க அவர் கால் தரையில் படாது. வீட்டில் அவரை யாரும் எதையும் பார்க்கச் சொல்வதில்லை, அடுப்பில் பால் பொங்குகிறதா என்பதைத் தவிர.

அந்தப் புலிக்குத்தான் இப்போது ஆபத்து. பட்டறையில் போட்டி வைப்பார்கள். வெள்ளி மாலை தலைப்பு தருவார்கள். ஞாயிறு மாலை ஐந்துக்குள் கேம் தயாராக வேண்டும். செய்தவர் அல்லாமல் இன்னொருவர் அதை ஆடி முடித்துக் காட்டவும் வேண்டும். தொடர்ந்து மூன்று போட்டி தவறினால் பெயரை நீக்கிவிடுவார்கள். நசுருதீன் இரண்டு தவறியாயிற்று.

இந்த முறை தலைப்பு 'தப்பித்தல்'. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமான மனிதரிடம் இதைக் கொடுத்தால் சும்மா விடுவாரா? ஒரு கணவன், மனைவி கண்ணில் படாமல் வாசல் கேட்டைத் தாண்ட வேண்டும். 'வீடுதாண்டி' என்று பெயர் வைத்தார். வீட்டுக்கு மெனக்கெடவில்லை, தன் வீட்டையே வரைந்தார். குரலுக்கும் மெனக்கெடவில்லை. மனைவி அமீருன்னிசா சமையலறையிலிருந்து கூப்பிட்டதைப் போனில் பிடித்துக்கொண்டார். கேமில் மாட்டிக்கொண்டால் "ஏங்க!" என்று வீடே அதிரும்.

இடைஞ்சல் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பழனியில் அமீருன்னிசாவின் அக்கா அல்மாஸ் வீட்டுக்கு, அக்கா மகள் ஷாஸியாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். குடும்பத்தோடு போயாக வேண்டும். அதனால்தான் முதுகு பிடித்தது.

"எங்கன பிடிச்சிருக்கு?" ஞாயிறு விடிந்ததும் அமீருன்னிசா கேட்டாள்.

"இடுப்புக்கு மேல."

"நேத்து கீழன்னீங்க?"

"ஏறிக்கிட்டே வருது அமீரு."

"எங்கக்கா வீடுன்னா மட்டும் உங்க முதுகுக்கு எப்படித்தான் தெரியுதோ!"

தைலத்தை எடுத்து, தோல் கழன்றுவிடுமோ என்று அவர் பயப்படும் அளவுக்குத் தேய்த்தாள்.

"ஒரு சோலியும் பாக்காம கெடங்க. நல்லவேளை, அந்த லேப்டாப்ப உங்க தம்பிக்குக் குடுத்துத் தொலச்சீங்க. இல்லாட்டி அதக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்க."

"அல்லா, அத ஏன் ஞாபகப்படுத்துற?" என்றார் நசுருதீன், கம்பளிப் பெட்டியைப் பார்க்காமல்.

அவள் பஸ் ஏறியதும் முதுகு இறங்கிவிட்டது. கம்பளிப் பெட்டியின் அடியில் பச்சைக் கம்பளிக்குள் இருந்த லேப்டாப் வெளியே வந்தது. சிக்னல் கிடைப்பது மேற்கு ஜன்னலில் மட்டும். மங்கி குல்லா போட்டுக்கொண்டு ஜன்னலோரம் குந்தினார். பகல் சாப்பாடு மறந்தது. மூன்று மணிக்குக் கேமை ஏற்றினார்.

மூன்றரைக்குள் ஒன்பது பேர் ஆடினார்கள். ஒன்பது பேரும் வாசல் கேட்டில் மாட்டினார்கள். திறந்தால் கிறீச்சிடும், "ஏங்க!" வரும். பல் டாக்டர் ஏழு தடவை மாட்டிவிட்டு, "புலி, எனக்கு என் வீட்டுப் பயமே போதும்" என்று கழன்றுகொண்டார். மற்றவர்கள் அவரவர் கேமில் மூழ்கியிருந்தார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஆள். பட்டறையில் அவன் பெயர் பனிமூட்டம். எந்தக் கேமையும் முடிக்காமல் விடமாட்டான்.

குழுவில் எல்லார் கண்முன்னாலும் கெஞ்சினார். "பனிமூட்டம், எங்க தம்பி இருக்க?"

"அண்ணே, பொண்ணு பாக்க வந்திருக்கேன். பத்து நிமிஷம்."

"பொண்ணு எங்கயும் போகாது. மணிதான் போகுது. ஆடு."

இன்றைக்கு நல்ல நாள் போலிருக்கிறது, ஊரெல்லாம் பெண் பார்க்கிறார்கள் என்று மட்டும் அவருக்குத் தோன்றியது.

மணி நாலு இருபது.

"அண்ணே, சத்தத்தக் கொறைக்க மறந்துட்டேன். 'ஏங்க'ன்னு கத்திருச்சு. இங்க ஒரு அம்மா வடைத் தட்டோட அப்படியே நின்னுட்டாங்க."

"நிக்கட்டும். கேக்குறவங்கள நிக்க வைக்கிற குரல்தான் அது. நீ ஆடு."

குழுவை மறுபடி மறுபடி திறந்து பார்த்தார். நாலரை. வெளியே பனி இறங்கியது. சிக்னல் ஒரு கோடானது. லேப்டாப்பை ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு முப்பத்தெட்டு. பெயர் போனால் அப்புறம் அவரைப் புலி என்று கூப்பிட இந்த உலகத்தில் ஆள் கிடையாது.

நாலு நாற்பதுக்குப் பனிமூட்டத்திடமிருந்து வந்தது: "அடுத்து என்ன செய்யணும்? வெளக்கமா சொல்லுங்க."

'அண்ணே' காணாமல் போயிருந்தது. பதற்றத்தில் விட்டிருப்பான்.

"இந்த ஆளு படுத்தே கெடக்கானே, நெசமாவே வலியா?"

"நடிப்பு தம்பி! வலின்னு சொல்லிப் படுத்தாத்தான் அவ விட்டுட்டுப் போவா. அதுதான் முதல் கட்டம்."

"சரி. கம்ப்யூட்டர எங்க ஒளிச்சிருக்கான்?"

"கம்பளிப் பெட்டியில. பச்சைக் கம்பளிக்குள்ள. அத எடுத்தா ரெண்டாங்கட்டம்."

"அவன் மாமியா குடுத்த கம்பளியா?"

நசுருதீனுக்குச் சுருக்கென்றது. கேமில் மாமியாரே கிடையாதே! ஆனால் மணி நாலு ஐம்பத்தொன்று. யோசிக்க நேரமில்லை.

"அத விடு. இப்பக் கேட்டுக்கு வா. சமையலறை அலமாரியில தைல பாட்டில் இருக்கும். கேட்டுக் கீலுல ஊத்து. சத்தம் வராது. இதத்தான் ஒருத்தனும் கண்டுபிடிக்கல."

"கேட்டுல தைல வாசம் வராதா? பொண்டாட்டி கேக்க மாட்டாளா?"

"கேப்பா. பக்கத்து வீட்டுக்காரருக்கு மூட்டுவலி, அவரு சாஞ்சு நின்னாருன்னு சொல்லிரணும். நம்பிருவா."

"எம்புட்டு நாளா நம்புறா?"

"மூணு வருஷமா!"

எழுதி அனுப்பியதும் ஒரு பெருமை வந்தது. அது வடிவதற்குள் நாலு ஐம்பத்தெட்டு. லேப்டாப்பைப் பிடித்த கை மரத்துவிட்டது. தெரிந்த துஆ எல்லாம் ஓதினார்.

"தாண்டியாச்சு." கூடவே, ஆடி முடித்ததன் படம். அடுத்த நிமிஷம் பட்டறை நடத்துகிறவர் எழுதினார்: "வீடுதாண்டி ஏற்கப்பட்டது. வாழ்க கோடைப்புலி!"

நசுருதீன் குதித்தார். மங்கி குல்லாவைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். லேப்டாப்பை மூடி முத்தம் கொடுத்தார். பிறகு போனில் எழுதினார்: "பனிமூட்டம், என் மானத்தக் காப்பாத்திட்ட. என்ன வேணும் கேளு. புலி வாக்குத் தவறமாட்டான்."

பதில் குரலாக வந்தது. தட்டினார்.

"ஏங்க!"

எங்கே மாட்டினோம் என்று பழக்கத்தில் லேப்டாப்பைப் பார்த்தார். அது மூடிக் கிடந்தது. குரல் நிற்கவில்லை.

"மாப்ள ஃபவாஸ் தங்கமான பையன். போனக் கேட்டதும் குடுத்துட்டாரு. அக்கா, மச்சான், மாப்ள வீட்டாளுக எல்லாரும் சுத்தி உக்காந்துதான் ஆடுனோம். நீங்க கேட்டத் தாண்டுனப்ப ஒரே கைதட்டலு. வர்ற ஞாயித்துக்கெழம நிச்சயம். பந்தி முழுக்க நீங்கதான் பரிமாறணும். புலி வாக்கு. வெள்ளனே கெளம்பி வந்துருங்க, முதுகோட."

அதை நாற்பது பேரும் கேட்டார்கள்.

பெயரை யாரும் நீக்கவில்லை. அது வரைக்கும் சபதம் ஜெயித்தது. ஆனால் பட்டறையில் இப்போது அவரை யாரும் புலி என்று கூப்பிடுவதில்லை, "அண்ணே, முதுகு எப்படி இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள்.