சண்டைக்கார அக்கா வீட்டுக்கு யாரும் வராத காரணம்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக வரும், ஞாபகமும் முன்னுக்குப் பின்னாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றைப் பயமில்லாமல் எழுதுவேன். கண்டி நகரத்தில் எங்கள் சண்டைக்கார அக்காவிடம் ஏச்சு வாங்காத ஜீவன் கிடையாது. பெரஹெர ஊர்வலத்துக்குப் போன யானையே, வாழைக்கன்றில் தும்பிக்கை வைத்ததற்காக வாங்கிக் கட்டிக்கொண்டது. பாகன் மன்னிப்புக் கேட்டார். "நீ ஏன் கேக்குற? அது கேக்கட்டும்" என்றார் அக்கா.

கட்டுக்கலைப் பக்கம் ஒரு குறுக்குத் தெருவில் அவர் வீடு. புருஷன் செத்துப் பல வருஷம், பிள்ளை இல்லை. பின்னறையில் நான் வாடகைக்கு இருந்து துணிக்கடை வேலைக்குப் போய்வந்தேன். பாண்காரரோடு, பாண் ரொட்டி சதுரமாக இல்லை என்று சண்டை. கோயில் ஐயரோடு, மணி தன் வீட்டைப் பார்த்தே அடிக்கிறது என்று சண்டை. எதிர்வீட்டுப் பெரியம்மாவோடு போட்டதுதான் உச்சம்: "ஒங்க வீட்டு நிழல் எங்க மொளகா மேல விழுது. எடுங்க!"

இதற்கெல்லாம் காரணம் யுத்த காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ஒருநாள் வேலை விட்டு வந்தால், அடுப்படியில் ஒரு மீசைக்காரன் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறான். இயக்கத்துக்கு ரகசியமாகச் செய்தி கொண்டுபோகிறவனாம். அவன் போனதும் இன்னொருவன் வந்தான். எந்த இயக்கம் என்று அக்கா கேட்டதேயில்லை. "தேடுறாங்களா? உள்ள வா. சத்தமா சாப்பிடாத." அவ்வளவுதான் விசாரணை.

"இதுக்காகவா அக்கா ஊரோட சண்ட?"

"பின்ன? பேச்சுவார்த்த உள்ள வீட்டுக்கு ஒருத்தி சீனி கேட்டு வருவா, ஒருத்தி சும்மா வருவா. ஆள எங்கடி ஒளிக்கிறது?"

கடைசியில் வந்தது என் சொந்தத் தம்பி. ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவன் எப்போது இதில் சேர்ந்தான் என்று எனக்குத் தெரியாது. அவனோடு இருந்தவர்களை ராணுவத்தார் பிடித்துக்கொண்டு போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. எனக்கு அவனை விட்டால் வேறு ஆள் இல்லை.

அவன் வந்து கொஞ்ச நாளில், பட்டப்பகலில், ராணுவம் வீடு வீடாகச் சோதித்துக்கொண்டு வந்தது. ஓட வழியில்லை. அக்கா அவனை அறை மூலையில் குந்தவைத்து, என் சேலையால் தலையோடு மூடி, குறுக்கே வெள்ளை வேட்டியைக் கட்டினார். முன்னால் உலக்கையைப் போட்டார். வாசலுக்குப் போய், தெருவே அதிரச் சிங்களத்தில் சொன்னார்:

"மஹத்தயா, தங்கச்சி மகள் பெரிய பிள்ளையாகிவிட்டாள். ஆம்பிளை முகம் பார்க்கக் கூடாது. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?"

அங்கேயும் அப்படித்தான். படியில் வைத்த சப்பாத்துக் காலை அதிகாரி பின்னால் எடுத்தார்.

"தண்ணீர் வார்க்க நல்ல நேரம் பார்த்தாச்சா?"

"ஆச்சு. வியாழக்கிழமை."

"வியாழனா? வேறு நல்ல சோதிடரிடம் கேளுங்கள்" என்று கண்டித்துவிட்டுப் போனார். அக்காவை ஏசிவிட்டு உயிரோடு போன ஒரே மனிதர் அவர்தான்.

தெருவே அதிரச் சொன்னதுதான் பிழையாகிவிட்டது. ராணுவம் இன்னும் தெருமுனையில் நிற்கிறது, அதற்குள் எதிர்வீட்டுப் பெரியம்மா பச்சை முட்டையும் நல்லெண்ணெயுமாகப் படியேறிவிட்டார். பின்னால் உளுந்துக்களி, புட்டு என்று ஒரு படை.

"சண்டையெல்லாம் நல்லது கெட்டதுக்குப் பாக்க முடியுமா தங்கச்சி? புள்ள எங்க? வாயில ஊத்திட்டுப் போறேன்."

திரைக்குப் பின்னால் என் தம்பியின் மீசை. பெரியம்மா ஒரு கூச்சல் போட்டால் போதும், அவன் கதை முடிந்தது. அக்கா வாசலை மறித்து நின்றார். பிறகு சொன்னார்:

"தாலியறுத்த கை எங்க வீட்டுப் புள்ள மேல படக்கூடாது."

அக்காவும் தாலியறுத்தவர்தான்.

பெரியம்மா கொண்டுவந்ததைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினார். வந்த எல்லோரும் அவர் பின்னால் போனார்கள்.

அக்கா கதவைச் சாத்தி, முட்டையைத் தம்பி வாயில் ஊற்றினார். அவன் குமட்டினான்.

"முழுங்குடா. இந்தத் தெரு எனக்குத் தர்ற கடைசிப் பண்டம். மிச்சம் வைக்காத."

தம்பி அலவத்துகொட முஸ்லிம் நானா ஒருவரின் மரக்கறி லொறியில் தப்பினான். இப்போது வெளிநாட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான். யுத்தம் முடிந்தது, அக்காவிடம் சமாதானம் பேச மட்டும் யாரும் வரவில்லை. பெரியம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் பன்விலவில் முழங்கால் வலியோடு வீட்டில் கிடக்கிறேன். டெலிபோனில் கேட்டால், "ஒருத்தரும் வர்றதில்லடி. நல்லது, வீடு சுத்தமா இருக்கு" என்பார். அப்புறம் பேசவும் மாட்டார், போனை வைக்கவும் மாட்டார்.

நான் எழுதியதில் பிழை இருக்கும். கண்டியில் உள்ளவர்கள் யாராவது அக்காவிடமே நேரில் போய்க் கேட்டுச் சரிபாருங்கள். வாசலிலேயே ஏசுவார். அதைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். உள்ளே போய் உட்காருங்கள்.