முதலில் நெஞ்சுப் படம்

நம் கோலார் தங்கவயலில் ஓர் இனம் உண்டு. சுரங்கம் மூடியும் அது மூடவில்லை. 'நெஞ்சுப் படக்காரர்' என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்; காலையில்கூட வணக்கம் வைத்திருப்பீர்கள்.

எங்களவர் கொர்னேலியஸ் அங்கிள், முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்கான மருத்துவ உதவிச் சங்கத்தின் செயலாளர். நோய் என்றாலே நுரையீரலில் சுரங்கத் தூசி என்றிருந்த காலத்தில் எழுதிய விதி அவர்களுடையது: எந்த உதவி கேட்டாலும் முதலில் நெஞ்சு எக்ஸ்ரே. முழங்கால் வலிக்கும் நெஞ்சுப் படம். கண்புரைக்கும் நெஞ்சுப் படம். எங்கள் தெருப் பிள்ளைத்தாச்சி மமதாவுக்கு மட்டும் சலுகை. புருஷனின் நெஞ்சுப் படம் போதும்.

படத்தை அவர் பார்க்கும் அழகு இருக்கிறதே! கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, விலா எலும்புகளை எண்ணிவிட்டு, 'ம்' என்பார். தலைகீழாகப் பிடித்தாலும் அதே 'ம்'.

அறிவியலுக்கு விரோதியா? சேச்சே. மூளையில் எந்த இடம் செத்துவிட்டது, எந்த இடத்தை இன்னும் காப்பாற்றலாம் என்று புது ஸ்கேன் நிறம் பிரித்துக் காட்டுகிற வீடியோவை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முதலில் போட்டவரே அவர்தான். 'இன்னா டெவலப்மென்ட்!' என்று கூடவே கைகூப்பும் பொம்மை வேறு.

போன மாதம் என் அண்ணன் ஆர்தருக்குச் சாப்பிடும்போதே வாய் கோணி, வலக்கை விழுந்துவிட்டது. உடனே மூளை ஸ்கேன் வேண்டும், அடைப்பைக் கரைக்கும் மருந்துக்கு நேரம் கொஞ்சந்தான் என்றார் டாக்டர். சங்கத்தின் கடிதம் அல்லது ரொக்கம் என்றது ஸ்கேன் சென்டர். அண்ணி லவினா கடிதத்துக்கு ஓடினார். பின்னாலேயே நானும்.

"அங்கிள், சீக்கிரம் லெட்டர் குடுங்க. வாய் இழுத்துகிச்சு, பேச்சே வரல."

"அழாதம்மா. நெஞ்சுப் படம் எங்க?"

"நெஞ்சுக்கு ஒண்ணுமில்ல அங்கிள், தலை!"

"தலை இன்னா, தனியாவா நடந்து வந்துச்சு? நெஞ்சு மேலதான குந்திகினு கீது?"

"நீங்கதான அந்த வீடியோ போட்டீங்க!"

"வீடியோ வேற, ரூல் வேறம்மா."

எக்ஸ்ரே வரிசையில் நின்றோம். படம் வந்தது. அங்கிள் தூக்கினார், எண்ணினார், 'ம்' என்றார், கையெழுத்துப் போட்டார். ஸ்கேனும் அற்புதமாக வந்தது. வீடியோவில் பார்த்த நிறமெல்லாம் இருந்தது. இன்னும் காப்பாற்றலாம் என்கிற நிறம் மட்டும் இல்லை.

கல்லறையில் முதல் பிடி மண் போட்டவர் அவர்தான். பிறகு ஜெபக்கூட்டத்தில் குரல் தழுதழுக்க எழுந்து, "ஆர்தர் சாவு வீணாகாது, ரூலை மாத்திட்டோம்" என்று அறிவித்தார். மாற்றியது உண்மை. இனி மூளை ஸ்கேனுக்குக் கடிதம் கேட்பவர் நெஞ்சுப் படம் வைக்க வேண்டியதே இல்லை.

மூளைப் படம் வைத்தால் போதும்.

சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் இவ்வளவையும் படித்துக்கொண்டு வரும்போது, 'அது கிடக்கட்டும், அந்த நெஞ்சுப் படத்தில் என்னதான் இருந்தது?' என்று ஓர் ஓரத்தில் தோன்றியதா, இல்லையா?

நெஞ்சு சுத்தம். இப்போது நீங்களும் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கலாம், செயலாளர் அவர்களே.